பழைய வீணைக்குப் புதுப் பெயிண்ட் வேண்டாம்

பழைய வீணைகளையும் தம்புராக்களையும் பொறுப்பில் வைத்திருக்கும் இசைக் கல்லூரி முதல்வர்கள், அருங்காட்சியகக் காப்பாட்சியர்கள், சபா செயலாளர்கள், கோயில் நிர்வாக அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்கள் மேசைக்கு எப்போதாவது ஒரு மதிப்பீட்டுத் தாள் வரும். வீணை பழுது பார்க்கும் செலவு. மேளம் கட்டுதல் (தந்தியை அழுத்தி வாசிக்கும் மெட்டுகளை மெழுகில் பதித்தல்), தந்தி மாற்றுதல், பிரடை (தந்தியை முறுக்கும் முளை) சரி செய்தல் என்று வரிசையாக இருக்கும். கடைசியில் ஒரு வரி: "பாலிஷ் போட்டு, யாளிக்கு வர்ணம் அடித்து, பட்டை மாற்றிப் புதுப்பித்தல்." யாளி என்பது வீணையின் கழுத்து முனையில் செதுக்கிய முகம், பட்டை என்பது விளிம்பில் ஒட்டிய அலங்காரத் தகடு. இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது. மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுங்கள், அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் வீணை கற்றுக்கொடுப்பவர். வீணையைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வையுங்கள் என்று சொல்லும் கட்சி இல்லை. வாசிக்காத வீணை வீணாகத்தான் போகும். மெழுகு காய்ந்து வெடிக்கும், மெட்டு ஆடும், பிரடை இறுகிப்போகும். தேன்மெழுகோடு கரித்தூள் கலந்து, தந்திகள் ஓடும் நீண்ட தண்டியின் இரண்டு பக்கமும் கரைபோல ஏற்றி, அதில் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுக் கேட்டுப் பதிப்பார்களே, அந்த மேளம் என்றைக்கும் நிரந்தரமாக இருக்கப்போவதில்லை. நம் ஊர் வெயிலுக்கு மெழுகு இளகும். விரல் அழுத்தத்தில் மெட்டு தேயும், சுருதி நகரும். சில வருடங்களுக்கு ஒரு முறை பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துப் புதிதாக மேளம் கட்டியே ஆக வேண்டும். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் இருக்கும் தகடு பள்ளம் விழுந்தால் அரம் போட்டுச் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நாதம் கிடைக்காது. இவையெல்லாம் தேய்வதற்கென்றே உள்ள உறுப்புகள். மாற்றுங்கள், தாராளமாக மாற்றுங்கள்.

யாளி தேய்வதில்லை. வீணையின் பருத்த ஒலிப்பகுதியான குடத்தின் அடியில் செதுக்கிய தாமரை தேய்வதில்லை. மேல்பலகையின் விளிம்பிலும் தண்டியின் ஓரத்திலும் ஓடுகிற கொடி வேலை, யாரும் கிள்ளாதவரை, அப்படியேதான் இருக்கும். இவற்றைத் தொடாமலே ஒரு வீணையை முழுமையாக வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனாலும் வீணை பட்டறைக்குப் போனால் முதலில் மாறுவது இவைதான். ஏனென்றால் பணம் கொடுத்தவருக்கு மெட்டின் சுருதி தெரியாது. யாளி பளபளக்கிறதா என்பது தெரியும்.

ஓர் இசைப் பள்ளியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இது எங்கேயும் நடக்கிறது. மூன்று தலைமுறையாவது கண்ட வீணை. யாளியின் மேல் பழைய பச்சையும் சிவப்பும் மங்கி, பிடரிமயிரின் சுருள்களுக்குள் மட்டும் கொஞ்சம் பொன்பூச்சு மிச்சம் இருந்தது. பழுது பார்த்து வந்தபோது தலை முதல் கழுத்து வரை ஒரே தங்க நிற எனாமல். சுருள்களின் பள்ளமெல்லாம் பெயிண்டில் நிரம்பி, பல்லும் நாக்கும் சேர்ந்து ஒரே கட்டியாகிவிட்டிருந்தன. விளிம்பில் இருந்த தந்தப் பட்டையைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக். "தந்தம் எங்கே?" என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை. இருப்புப் பதிவேட்டில் அந்த வீணையைப் பற்றி இருந்தது இவ்வளவுதான்: "வீணை – 1. நல்ல நிலை."

இந்த இடத்தில் சங்க நூலான பொருநராற்றுப்படை நினைவுக்கு வருகிறது. முடத்தாமக்கண்ணியார் அதில் ஒரு யாழைத் தலையிலிருந்து கால்வரை உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போவார். மானின் குளம்பு பதிந்த தடம் போல நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தல் (யாழின் குடம்), அதன் மேல் இழுத்துக் கட்டிய தோலின் நிறம், தலை தூக்கிய பாம்பு போன்ற தண்டு. அதோடு விடவில்லை. தோலைப் பிடித்திருக்கும் ஆணிகள் வளைக்குள் இருக்கும் நண்டின் கண்களைப் போல இருக்கின்றன என்பது வரை சொல்லிவிடுகிறார். ஒரு கலைஞரின் கையில் இருந்த கருவி, சங்க காலத்தில், ஆணி வரைக்கும் பதிவாகியிருக்கிறது. நம் அலுவலகப் பதிவேட்டில் "வீணை – 1".

சரி, அந்தச் செதுக்கு வேலையில் அப்படி என்ன இருக்கிறது, அழகுக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். அழகுக்குத்தான். ஆனால் எழுத்து எதுவும் பொறிக்காத ஒரு பொருளில், எப்போது, எங்கே, யார் கையால் ஆனது என்று சொல்லும் சாட்சியும் அதுதான்.

யாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் வீணையின் கழுத்து முனையில் கீழே வளைந்து பார்க்கும் அந்த முகம், நாயக்கர் காலத்துக் கோயில் மண்டபங்களில் தூணுக்குத் தூண் எழுந்து நிற்கும் யாளியின் உறவுதான். பிதுங்கிய கண், சிங்க வாய், சில சமயம் சுருண்ட துதிக்கை. 24 மெட்டுகளை நிலையாகப் பதித்த வீணை தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உருப்பெற்றதாகத்தான் இசை வரலாறு சொல்லிவருகிறது. அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் பெயரும் சேர்ந்தே வரும். கல்லில் யாளி செழித்த அதே காலம், அதே மண். கல் யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையை வெளியே எடுக்க முடியாதபடி செதுக்கி நம்மைத் திகைக்க வைத்தார்கள். மரத்தில் வேலை செய்தவருக்கு அவ்வளவு பெரிய வாய் கிடைக்கவில்லை, பாவம். ஆனால் உள்ளங்கை அளவு இடத்தில் பல், நாக்கு, மீசை, பிடரி, காது எல்லாவற்றையும் பலா மரத்தில் கொண்டுவந்துவிட்டார்.

ஒவ்வொரு கைக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் கண்ணிமையை ஒரே வெட்டில் முடிப்பார், இன்னொருவர் இரட்டைக் கோடு போடுவார். ஒருவரின் பிடரிச் சுருள் வலமாகச் சுற்றும், இன்னொருவருக்கு அது தீச்சுடர் போல மேலே எழும். நாலைந்து பழைய வீணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இதுவும் அதுவும் ஒரே பட்டறை என்று சொல்லிவிடலாம். உளி போன தடம் மரத்தில் அப்படியே இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மறு நிமிடம் அது போய்விடும். பெயிண்டையாவது என்றைக்காவது ஒருநாள் பொறுமையாகக் கரைத்து எடுக்கலாம். தேய்த்த மரத்தைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

அப்புறம் அந்த விளிம்புப் பட்டை. முன்பெல்லாம் தந்தம், மான் கொம்பு. மெல்லிய தகடாக இழைத்து, ஒட்டி, மேலே ஊசி முனையால் கொடியும் பூவும் பறவையும் கீறி, கீறிய கோட்டில் கறுப்பு, சிவப்பு, பச்சை என்று வண்ணத்தைத் தேய்த்து ஏற்றுவார்கள். மேலே வழித்தெடுத்தால் கோட்டுக்குள் மட்டும் நிறம் நிற்கும். இன்று அதே வேலையை வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டில் செய்கிறார்கள். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. யானை பிழைத்தால் போதும். நல்ல கைக்குப் பிளாஸ்டிக்கிலும் கிளி உயிரோடு வருகிறது.

ஆனால் பட்டை எதனால் ஆனது என்பது வீணையின் வயதைச் சொல்லும் செய்தி. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986-இலும் 1991-இலும் செய்த திருத்தங்களோடு இந்த நாட்டில் தந்த வணிகம் முற்றிலும் நின்றது. பழைய தந்தப் பட்டை அப்படியே இருக்கும் ஒரு வீணை பெரும்பாலும் அதற்கு முந்தையது. பட்டையைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் ஒட்டிய நிமிடம் அந்தச் செய்தி அழிகிறது. நாளைக்கு ஒருவர் பார்த்தால், ஏதோ 1990-களில் செய்தது என்றுதான் நினைப்பார்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு இதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. தந்தம் உள்ள பொருளை வைத்திருக்க உரிமைச் சான்று வேண்டும், அதை விற்க முடியாது. மான் கொம்புக்கும் கட்டுப்பாடு உண்டு. பட்டறையில் கழற்றிய பட்டை எங்கே போயிற்று என்று கணக்கு வைக்காத நிர்வாகம், தெரிந்தோ தெரியாமலோ, சிக்கலில் மாட்டிக்கொள்ளக் கூடும். "தந்தம் இருந்தால் வம்பு, எடுத்துப் போட்டுவிடுங்கள்" என்று சிலர் அவசரப்படுவதும் இதனால்தான். எடுத்துப் போடுவது வம்பைக் குறைக்காது. எடுத்த துண்டும் தந்தம்தான், அதற்கும் அதே சட்டம்தான். உங்கள் வீணையில் இருப்பது தந்தமா என்று சந்தேகம் இருந்தால் வனத்துறையிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலைக் கோப்பில் வையுங்கள்.

கண்ணால் ஓரளவு கண்டுபிடிக்கவும் முடியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிப்போகும் வளைகோடுகள் தெரியும். எலும்பில் நுண்ணிய கறுப்புப் புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். பிளாஸ்டிக் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே சீராக இருக்கும். மெல்லிய பட்டையில் இந்தக் கோடுகள் தெளிவாகத் தெரியாமலும் போகலாம், ஆகவே லென்ஸ் வைத்துப் பார்த்துச் சந்தேகத்தோடு எழுதி வைப்பதே நல்லது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் கைவைத்தியத்தை மட்டும் தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள். ஈரத்துணியால் துடைப்பதும் கூடாது. தந்தம் ஈரத்தை வாங்கினால் மெல்லிய பட்டை வளைந்து, ஒட்டு விட்டுப் பெயர்ந்துவிடும். மஞ்சள் ஏறியிருக்கிறதே என்று வெளுக்க நினைக்க வேண்டாம். அது வயதின் நிறம்.

அலங்காரம் கருவியின் கட்டுமானத்தையும் காட்டிக்கொடுக்கும். ஒரே பலாக் கட்டையில் குடம், தண்டி, கழுத்து எல்லாவற்றையும் குடைந்து எடுத்தது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தது ஒட்டு வீணை. பல ஒட்டு வீணைகளில் குடமும் தண்டியும் சேரும் இடத்தை ஓர் அலங்காரப் பட்டை மறைத்திருக்கும். அந்தப் பட்டையின் கீழே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால், அதுதான் சேர்ப்பு. மரவேலைக்காரர் மறைத்த இடத்தை அலங்காரமே சுட்டிக்காட்டும் வேடிக்கை இது. முழுக்கப் பாலிஷ் ஏற்றிவிட்டால் ஏகாந்தமா ஒட்டா என்பதே தெரியாமல் போகும். விரிசலும் அப்படித்தான். பளபளப்புக்குக் கீழே மறைந்த விரிசல் இரண்டு வருடம் கழித்துக் கச்சேரி நடுவில் வாயைத் திறக்கும்.

ஒலிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. யாளியைச் செதுக்கியதால் நாதம் கூடாது, குறையாது. தொடையில் உட்காரும் பாரம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். குடத்தில் ஆழமாகச் செதுக்குவது வேறு கதை. அங்கே மரத்தின் கனம் ஒலியோடு நேரடியாகப் பேசும், ஆகவே நல்ல வேலைக்காரர்கள் குடத்தில் மேலாகத்தான் கோடு இழுப்பார்கள். ஆனால் மேல்பலகையில் கோட் மேல் கோட்டாக வார்னிஷ் ஏற்றினால் பலகை கனக்கும், அதிர்வு மட்டுப்படும். ஆக, "புதுப்பித்தல்" என்ற பெயரில் செய்வது அலங்காரத்தையும் கெடுத்து, சில சமயம் ஒலியையும் கெடுக்கிறது. பணம் கொடுத்து இதைச் செய்துகொள்கிறோம் என்பதுதான் விசேஷம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான் பட்டறைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. பழைய யாளியை இருக்கும் நிலையிலேயே தூசி தட்டி, தூரிகையால் பள்ளம் பள்ளமாகச் சுத்தம் செய்து, உதிரும் வண்ணத்தை மட்டும் நிலைநிறுத்துவதற்கு ஒரு வாரம் போகலாம். எனாமல் அடிக்க ஒரு பகல் போதும். நீங்கள் பணம் கொடுப்பது எனாமலுக்குத்தான். ஒரு வாரம் உட்கார்ந்து சுத்தம் செய்துவிட்டு, "என்ன செய்தாய், அப்படியே இருக்கிறதே?" என்று கேட்கும் அதிகாரியிடம் கூலி கேட்க யாருக்குத்தான் தைரியம் வரும்? ஒன்றும் மாறாமல் பார்த்துக்கொள்வதும் வேலைதான் என்று உங்கள் மதிப்பீட்டுத் தாள் ஒப்புக்கொண்டால், அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் தஞ்சாவூரிலேயே இருக்கிறார்கள்.

அவர்களுக்கும் இந்தப் பழைய வீணைகள் தேவை. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரத்தில், தஞ்சாவூர்க் கைகளால் ஆனதற்குத்தான் அந்தப் பெயர் என்று சட்டம் ஒரு வேலி போட்டது. ஆனால் அந்த வேலி இனி செய்யப்போகும் வீணைகளின் பெயருக்கு. உங்கள் அலமாரியின் மேல் கிடக்கும் பழைய வீணையை அது காப்பாற்றாது. புதிதாகச் செதுக்கக் கற்கும் பையன் எதைப் பார்த்துக் கற்பான்? அப்பாவின் கையைப் பார்ப்பான், சரி. அப்பாவுக்கு முந்தைய கையை அவன் எங்கே பார்ப்பது? இப்போது அவனிடம் இருப்பது அலைபேசியில் வந்த படங்கள். அதில் பாதி, நினைவுப் பரிசாக விற்கும் சின்ன வீணைகளின் யாளிகள். அந்தச் சின்ன வீணையைப் பார்த்துப் பெரிய வீணைக்குச் செதுக்கும் காலம் வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

வெளிநாட்டு அருங்காட்சியகங்களை உதாரணம் காட்டுவது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் இந்த விஷயத்தில் வேறு வழியில்லை. வங்காளத்தின் சௌரீந்திர மோகன் தாகூர் 1876-இல் ஏறத்தாழ நூறு இந்திய இசைக்கருவிகளைப் பெல்ஜிய அரசருக்கு அனுப்பினார். பிரஸ்ஸல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகத்தின் தொடக்கச் சேகரிப்பில் அவை சேர்ந்தன. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் வில்லால் வாசிக்கும் மயில் வடிவத் தாவூஸ் ஒன்று இருக்கிறது. அலகும் கழுத்தும் தோகையுமாக, கருவியே மயிலாகிவிட்டது. அதைப் பார்க்க விமானம் ஏற வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். 1891-இல் கேப்டன் டே என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி தென்னிந்திய இசைக்கருவிகளைப் பற்றி லண்டனில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் வீணைகளை அலங்காரத்தோடு வண்ணப் படமாகவே வரைந்து போட்டிருக்கிறார்கள். பட்டாளத்துக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. திருவையாற்றிலிருந்தும் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் அப்படி ஒரு தொகுப்பை நாம் ஏன் இன்னும் வெளியிடவில்லை?

செலவு என்று சொல்லாதீர்கள். பெரிய செலவு எதுவும் இல்லை. உங்கள் மாணவர்களில் யாரிடமாவது நல்ல கேமரா கொண்ட அலைபேசி இருக்கும். வீணையைப் பட்டறைக்கு அனுப்பும் முன் ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள். ஜன்னல் ஓரம் துணி விரித்து வீணையை வையுங்கள். நேரே ஃபிளாஷ் அடித்தால் செதுக்கு வேலை தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் விழும்படி வைத்தால் ஒவ்வொரு உளிக்கோட்டுக்கும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். யாளியை இரண்டு பக்கமும், முன்னாலும், கீழிருந்தும் எடுங்கள். கீழ்த்தாடையின் அடியை யாரும் எடுப்பதே இல்லை, செதுக்கியவர் அவசரப்பட்டாரா பொறுமையாக இருந்தாரா என்பது அங்கேதான் தெரியும். விளிம்புப் பட்டையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, துண்டு துண்டாக, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள். பிரடைகள், தந்திகளின் அடிமுனையைக் கட்டும் நாகபாசம், மேல்பலகையில் நாதத் துளைகளின் வட்டம். அப்புறம் வீணையைக் கவிழ்த்துக் குடத்தின் அடி. அருங்காட்சியகங்களில்கூட வீணையைச் சுவரைப் பார்க்க வைத்துவிடுவதால் குடத்தின் அடியில் இருக்கும் வேலையைப் பல வருடமாக எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய மெழுகைச் சுரண்டிய பிறகு தண்டியின் வெறும் மேற்பரப்பையும் எடுத்துத் தரச் சொல்லி பட்டறையில் கேளுங்கள். அடுத்த மேளம் கட்டும் வரை அதைப் பார்க்கும் வாய்ப்பு வராது.

படத்தோடு நாலு வரி எழுதி வையுங்கள். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எப்போது கடைசியாகப் பழுது பார்த்தது, எந்தப் பட்டை எதனால் ஆனது, எங்கே வண்ணம் உதிர்கிறது. செய்தவர் பெயர் தெரிந்தால் கட்டாயம் எழுதுங்கள். உங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும், அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது உத்தமம். கல்லூரிகளில் இதை வீணை மாணவர்களின் செய்முறைப் பயிற்சியாகவே வைத்துவிடலாம். வீணையின் உறுப்புகளை எழுது என்று தேர்வில் கேட்கிறோம், குடம், தண்டி, சுரைக்காய் என்று படம் போட்டு அம்புக்குறி இழுத்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். தங்கள் கல்லூரி வீணையின் யாளிக்குத் துதிக்கை உண்டா இல்லையா என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது.

உடைந்த துண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. யாளியில் முதலில் போவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு, கோரைப்பல், காது. ஆட்டோவில் ஏற்றும்போது ஒரு இடி போதும். உடைந்ததைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் புதுப்பல் வைக்கச் சொல்கிறோம். அந்தத் துண்டை ஒரு உறையில் போட்டு, எந்த வீணை, எந்தப் பக்கம் என்று எழுதி, வீணையோடே வைத்தால் போதும். பொருத்தத் தெரிந்தவர் வரும்போது பொருத்திக்கொள்ளலாம். யாளியைத் தனியாகக் கழற்றும்படி செய்த வீணையாக இருந்தால், பயணத்தில் கழற்றித் துணியில் சுற்றித் தனிப்பெட்டியில் வையுங்கள்.

சரஸ்வதி பூஜையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வருடா வருடம் யாளியின் நெற்றியிலும் குடத்திலும் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம் வைக்கிறோம். ஈரச் சந்தனம் செதுக்கலின் பள்ளத்தில் இறங்கிக் காய்ந்து கெட்டியாகிறது. குங்குமத்தின் சாயம் மரத்திலும் தந்தத்திலும் ஏறினால் இறங்காது. பழைய வீணைகளின் யாளி நெற்றியில் நான் பார்த்த சேதத்தில் பாதி பக்தியால் வந்தது. ஒரு வெற்றிலையில் சந்தனம் குங்குமம் வைத்து, அதை வீணையின் முன்னால் வையுங்கள். கலைமகளுக்கு அது போதும் என்றுதான் நினைக்கிறேன்.

வெளிநாட்டுக் கண்காட்சிக்கோ கச்சேரிக்கோ பழைய வீணையை அனுப்பும் நிர்வாகங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தந்தம் உள்ள கருவி விமான நிலையச் சுங்கத்தில் நிற்கும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை அப்படி. மைசூர் வீணைகளில் வரும் ஈட்டி மரத்துக்கும் 2017 ஜனவரியில் அந்தக் கட்டுப்பாடு வந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019 நவம்பரில் தளர்ந்தது. இதற்குப் பயந்து, பயணத்துக்கு முன் பட்டையைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு போகிற பழக்கமும் இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பயணத்துக்குப் புது வீணையை எடுத்துப் போகலாமே. அதன் பட்டை ஏற்கெனவே பிளாஸ்டிக்தான், வாசிக்கவும் கனமில்லாமல் இருக்கும்.

"பளபளப்பாக இல்லாவிட்டால் மேடையில் எடுபடாது, தணிக்கைக்கு வருகிறவர் பராமரிப்பே இல்லை என்பார்" என்று ஒரு செயலாளர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தணிக்கைக்காரருக்குக் காட்ட ஒரு தாள் வேண்டும். மேலே சொன்ன படங்களும் குறிப்பும் கொண்ட கோப்புதான் அந்தத் தாள். "பழைய அலங்காரம், மாற்றக் கூடாது" என்று முதல்வரோ காப்பாட்சியரோ ஒரு வரி எழுதிக் கையொப்பம் இட்டுவிட்டால், மங்கிய யாளியைப் பார்த்து யாரும் பராமரிப்பு இல்லை என்று எழுத முடியாது. மேடையைப் பொறுத்தவரை, பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு யாளியின் பொன்பூச்சு புதியதா பழையதா என்று தெரியப்போவதில்லை.

ஏற்கெனவே எனாமல் அடித்துவிட்ட வீணைகள் நிறைய இருக்கும். அவற்றைச் சுரண்ட ஆரம்பிக்க வேண்டாம். பெயிண்ட் நீக்கும் திரவத்தை ஊற்றினால் கீழே ஏதாவது பழைய வண்ணம் மிச்சம் இருந்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். பழம்பொருள் பாதுகாப்புப் பயின்றவர் ஒருவர் பார்க்கும்வரை அப்படியே விடுங்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் அந்தத் துறையே இருக்கிறது, மற்ற நிறுவனங்கள் அங்கே எழுதிக் கேட்கலாம்.

கடைசியாக, நான் கேட்பது இதுதான். அடுத்த முறை மதிப்பீடு கேட்கும்போது இரண்டு தாளாகக் கேளுங்கள். ஒன்றில் மேளம், தந்தி, குதிரை, பிரடை, விரிசல். இன்னொன்றில் யாளி, பட்டை, குடத்து வேலை, அதற்குத் தலைப்பு "சுத்தம் செய்தல் மட்டும்", அதற்குரிய கூலியும் தனியாக, குறைக்காமல். பெயிண்ட், பாலிஷ், பட்டை மாற்றம் ஆகியவை உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கூடாது என்று அடியில் ஒரு வரி. மேளம் கட்டும் வேலைகள் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் போகும். அதற்குள் படம் எடுக்கும் காலை நேரத்தையும் ஒதுக்கிவிட்டால், ஜூனில் வகுப்பு தொடங்கும்போது வீணையும் தயாராக இருக்கும், கோப்பும் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
வீணை கற்பிக்கும் ஒருவர்